சூடம் அணைத்த கை

மாரண்டஹள்ளி காய்கறி மண்டியில் எடை போடுவது என் வேலை. தக்காளிக் கிரேட்டைத் தராசில் தூக்கி வைக்கும்போதே அடியில் அழுகல் எவ்வளவு இருக்கும் என்றுதான் என் கண் தேடும். மேல் வரிசைப் பழம் பளபளவென்று இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். இந்தப் புத்தி மண்டியோடு நிற்பதில்லை, வீடு வரைக்கும் கூடவே வரும். அதனால்தான் என் தங்கை வெண்மதியின் வீட்டுக்காரர் நஞ்சப்பன் திடீரென்று சாந்தமாகிப் போனது எனக்குப் பிடிக்கவில்லை.

நஞ்சப்பன் பிறவிக் கோபக்காரர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அண்ணன் சென்றாயன்தான் வளர்த்து ஆளாக்கினார். இரண்டு பேரும் ஒரே தட்டில் களி தின்று, ஒரே கம்பளியில் படுத்துக் கிடந்தவர்கள். கல்யாணமான பிறகும் ஒருத்தர் தோட்டத்து வேலையை இன்னொருத்தர் முடித்துவிட்டுப் போவார். ஊரே கண் வைத்த உறவு அது. ஒரு போர்வெல் வந்து அதைக் கெடுத்தது. நஞ்சப்பன் தன் நிலத்தில் ஆழமாகப் போட்ட மறு கோடையில் சென்றாயனின் கிணறு வற்றிப்போனது. தமிழில் ஆரம்பித்த சண்டை, கோபம் ஏறி அவர்கள் வீட்டுக் கன்னடத்தில் போய் நின்றது. கடைசியில் இரண்டு பேரும் முனியப்பன் கோயிலில் சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

"அவன் வூட்டுச் சோறு தண்ணியத் தொட்டா எங்க வூட்டுப் பொண்ணு வவுத்துல புள்ள தங்காது."

இருவரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். சென்றாயன் குடும்பத்தோடு ஏரிக்கு அந்தப் பக்கம் தோட்டத்து வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் சூடம் அணைத்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்த வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அந்த வீட்டில் போய்ச் சொல்வது பாவம். அப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பெண், நஞ்சப்பனின் மகள் மேனகா. கட்டிக்கொடுத்து வருஷக்கணக்காகியும் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. முதலில் ஒன்று கலைந்தது, பிறகு இன்னொன்று. நஞ்சப்பன் சத்தியத்தை மீறவில்லையே, பிறகு ஏன் என்று வெண்மதி அழுவாள். இந்த வருஷம்தான் ஒன்று தங்கி, ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, மேனகா அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் முழுகாமல் இருந்த இந்த மாதங்களில்தான் நஞ்சப்பனின் சாந்தம். பாலக்கோட்டில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வேதாந்த வகுப்பு நடக்கிறது. பிரஷர் இருக்கிறது, கோபப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னதால் அங்கே போக ஆரம்பித்தார். போன கொஞ்ச நாளிலேயே ஆள் மாறிவிட்டார். அடுத்த தோட்டத்து மாடு அவரைக்காய்ப் பந்தலை மேய்ந்துவிட்டது. பழைய நஞ்சப்பனாக இருந்தால் சத்தம் பாலக்கோடு வரைக்கும் கேட்டிருக்கும். இவரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு, "அதுக்குள்ள இருக்கறதும் நமக்குள்ள இருக்கறதும் ஒண்ணுதான் மச்சான்" என்றார். தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற அளவுக்கு விலை விழுந்த அன்றும் மண்டியில் சிரித்துக்கொண்டே நின்றார்.

"வெளைய வெக்கறது நம்ம வேலைங்க. வெலை நம்ம கையில இல்லீங்க."

விலை விழுந்த அன்று சிரிக்கிற விவசாயியை நான் நம்புவதில்லை. வேறு எங்கேயோ இவருக்கு ஏதோ கிடைக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் வெண்மதி மண்டிக்கே வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அவரு சரியில்லைங்க. வாரத்துக்கு ஒருநாள் இருந்த வகுப்பு இப்ப தெனமும் இருக்குதாம். பொழுது சாய்ஞ்சா வண்டிய எடுத்துக்கிட்டுப் போறாரு. வந்தா சோறு வேணாங்கறாரு."

"விரதம் கிரதம் இருக்காரோ என்னமோ."

"வெரதம் இருக்கறவரு எதுக்கு ஏப்பம் விடறாரு? வண்டிப் பையில பவுடர் டப்பா இருக்குது, சீப்பு இருக்குது. அவரு தலையில சீவறதுக்கு என்னண்ணா இருக்குது?"

நியாயமான கேள்விதான். நஞ்சப்பனுக்கு முன்னும் பின்னும் வழுக்கை. இந்த வயதில் ஒருத்திக்குப் பவுடர் வாங்கிக் கொடுத்துவிட்டு அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வருகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஆத்மா, பிரம்மம் எல்லாம் இதை மூடுவதற்கான சாக்குத்துணி. வயிற்றுப்பிள்ளைக்காரி மகளை வீட்டில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு கூத்தா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று சாயங்காலமே அவர் டிவிஎஸ்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி என் பைக்கை விட்டேன். வண்டி பாலக்கோடு ரோட்டில் திரும்பவில்லை, ஏரிக்கரை மேல் ஏறியது. கரை முடிகிற இடத்தில் நான் அதுவரை போயே இராத ஒரு ஓட்டு வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். தன் வீட்டுக்குள் போகிற மாதிரி செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். நான் தென்னை மரத்தடியில் வண்டியைச் சாய்த்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றேன். உள்ளே பவுடர் வாசனை. நஞ்சப்பனின் குரல் வெண்மதியிடம்கூட அப்படிக் குழைந்து நான் கேட்டதில்லை.

"இன்னும் ஒரே ஒரு வாய். எனக்காக. ஆ காட்டு."

கதவை ஓங்கித் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கட்டிலில் சென்றாயன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டதால் முதலில் அடையாளமே தெரியவில்லை. வலது கை செத்துப்போய் மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நரைத்த தலையைப் படிய வாரிவிட்டிருந்தார் நஞ்சப்பன். தரையில் களிச்சட்டி, கீரைக் கடைசல். நான் பார்க்கப் பார்க்கவே ஒரு சின்ன உருண்டையை அண்ணன் வாயில் வைத்துவிட்டு, அடுத்ததைத் தன் வாயில் போட்டு விழுங்கினார்.

பொம்பளை சமாச்சாரமாக இருந்தாலும் எனக்கு இவ்வளவு பதறியிருக்காது.

"என்ன மாப்ள காரியம் பண்றீங்க?"

"உக்காருங்க மச்சான். அண்ணனுக்குக் கைகால் விழுந்துபோச்சு. பாலக்கோட்டு ஆஸ்பத்திரியில நானே பாத்தேன். பேச்சும் வரல. அண்ணி போய்ச் சேந்துட்டாங்க. பையனுக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒருக்காதான் வர்றான். காலையில பக்கத்து வூட்டம்மா கஞ்சி ஊத்துது. ராத்திரிக்கு ஆள் இல்ல."

"ஊட்டுறீங்க சரி. நீங்க எதுக்குத் திங்கறீங்க?"

"நான் தின்னாத்தான் அவரு வாயத் தெறக்கறாரு. சின்னதுலேர்ந்து அப்படித்தான்."

"சத்தியம் என்னாச்சு?"

நஞ்சப்பன் விரலில் ஒட்டியிருந்த களியைச் சட்டி விளிம்பில் வழித்தார். "பூசாரிகிட்டக் கேட்டேன் மச்சான். ரெண்டு பேரும் வாயால சொன்னத ரெண்டு பேரும் வாயாலதான் எடுக்கணும்ங்கறாரு. இவருக்கு வாயே இல்லையே. அப்பறம்தான் வகுப்புல ஒருநாள் சொன்னாங்க, நாம இந்த உடம்பு இல்லைன்னு. யோசிச்சுப் பாத்தேன். அன்னிக்குச் சூடத்த அணைச்சது இந்தக் கை, சத்தியம் பண்ணது இந்த வாய். எல்லாம் உடம்புதானே. நான் பண்ணலையே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அப்ப என் தங்கச்சிக்குத் தாலி கட்டுனது யாருங்க? அதுவும் வெறும் உடம்புதானா?"

அவர் அடுத்த உருண்டையைப் பிடித்தார். நான் விடவில்லை. "உங்க வேதாந்தத்துல கொண்டுபோய் நெருப்ப வெக்க. ஏழு மாச வவுறோட பொண்ணு வூட்டுல உக்காந்திருக்குது. நீங்க இங்க உக்காந்து இந்தச் சோத்தத் திங்கறீங்க."

சொல்லி முடித்ததும்தான் கட்டில் பக்கம் பார்த்தேன். சென்றாயனின் கண் என் மேலேயே நின்றது. அப்புறம் மெதுவாகத் தம்பியிடம் திரும்பியது. நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணனிடம் அவர் வேறு கதை சொல்லி வைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேனகாவுக்கு இனிமேல் குழந்தையே இல்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார், இனி அந்தச் சத்தியத்துக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லித்தான் அவரைச் சாப்பிட வைத்திருக்கிறார். எங்கள் ஊர் வழக்கப்படி உண்மையைச் சொல்ல அந்த வீட்டுக்கு யாரும் போகவில்லை. நான் போய்ச் சொல்லிவிட்டேன்.

சென்றாயன் வாயில் இருந்த களியை இடது கையால் வழித்து வெளியே எடுத்தார். பிறகு வாயை இறுக்க மூடிக்கொண்டார். நஞ்சப்பன் கெஞ்சினார், அதட்டினார், கன்னத்தைப் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் இடது கையை வாசல் பக்கம் காட்டிக்கொண்டே இருந்தார், போ என்று.

அன்று மட்டுமில்லை, மறுநாளும் அப்படியே. பக்கத்து வீட்டம்மா கொண்டுபோன கஞ்சியையும் தட்டிவிட்டார். ஓசூரிலிருந்து ஓடிவந்த மகன் டம்ளரை வாயில் வைத்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டார். யார் எதைக் கொடுத்தாலும் பின்னால் தம்பி இருக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். தான் சாப்பிடுகிற வரைக்கும் அவன் வருவான், வந்தால் தின்பான். தான் நிறுத்தினால்தான் அவனும் நிறுத்துவான். பேச முடியாத மனிதர், தம்பி பேரப்பிள்ளையைக் காப்பாற்றத் தெரிந்த ஒரே வழியில் இறங்கிவிட்டார். அவ்வப்போது உதட்டில் தண்ணீர் தடவுவதோடு சரி.

இங்கே வெண்மதி வீட்டில் அடுப்பு எரியவில்லை. விஷயத்தை நான்தான் சொன்னேன், மறைக்க எனக்கு வராது. அவள் நஞ்சப்பனைப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தன நாளாத் தின்னீங்க?"

"நாலு மாசமா. பொங்கலுக்கு முன்னாடியிருந்தே."

அவள் மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு குழந்தை அசையக் கொஞ்ச நேரம் தாமதித்தாலும் அவளுக்கு உயிர் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் நம்பவில்லை. அந்த ஏரிக்கரைப் பக்கம் இனிமேல் போனால் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்றாள்.

நஞ்சப்பன் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இப்பவும் நீங்க உடம்பு இல்லதானுங்களா மாப்ள?"

குத்திக்காட்டத்தான் கேட்டேன். அவர் அதைக் குத்தலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணும் நிக்கல மச்சான். வகுப்புல கேக்கறப்ப எல்லாம் வௌங்கற மாதிரித்தான் இருக்கும். செய்யறதச் செய்யி, பலன நெனைக்காதேம்பாங்க. நானும் தலைய ஆட்டிட்டு வருவேன். ஆனா களியில கை வெக்கறப்பல்லாம் மேனகா வவுறு கண்ணு முன்னாடி வந்து நின்னுக்கும். பயந்துக்கிட்டேதான் முழுங்குவேன். முழுங்காம வரவும் முடியல. எனக்கு ஊட்டி வளத்த கையி மச்சான் அது."

அவர் அழுதார். இத்தனை மாதமாக நான் பார்த்த அந்தச் சாந்தம் முழுவதும் பயம்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் மேல் முதல் தடவையாக எனக்குப் பாசம் வந்தது என்று சொன்னால் பொய்யில்லை.

மேனகா இதையெல்லாம் உள்ளே இருந்து கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலையில் வெண்மதி கறவைக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, ஒரு ஆட்டோ சொல்லுங்க. பெரிப்பா வூட்டுக்குப் போவணும்."

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னையக் கொன்னு போட்டுரும்."

"நீங்க சொல்லலைன்னா நடந்து போவேன்."

அவள் நடந்தே போகக்கூடியவள்தான். ஆட்டோ சொல்லிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, நாங்கள் இறங்கும்போதே வெண்மதியும் நஞ்சப்பனும் டிவிஎஸ்ஸில் பின்னால் வந்துவிட்டார்கள். "உள்ள போவாதடி" என்று வெண்மதி கத்தினாள். மேனகா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சென்றாயன் கன்னம் ஒட்டிப் படுத்திருந்தார். மேனகாவின் வயிற்றைப் பார்த்ததும் இடது கையை வேகமாக ஆட்டினார், போ போ என்று. அவள் நேராகத் தண்ணீர்ப் பானையிடம் போனாள். ஒரு டம்ளர் மொண்டு, அவர் பார்க்கும்படி நின்றுகொண்டு, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். வெண்மதி வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"குடிச்சிட்டேன் பெரிப்பா" என்றாள் மேனகா. "எனக்கும் பயந்தான். ரெண்டு போயி மூணாவது இது. ஆனா ஒண்ணு கேக்கறேன், நீங்களும் கேட்டுக்குங்கப்பா. உங்க நெலத்த வெச்சு சத்தியம் பண்ணீங்களா? உங்க உசுர வெச்சு பண்ணீங்களா? என் வவுத்த வெச்சுப் பண்ணீங்க. இது உங்க ரெண்டு பேரு சொத்தா? என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நஞ்சப்பன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உட்கார்ந்தும், பலன் தன்னுடையது இல்லை என்பதற்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றியதில்லை.

மேனகா பக்கத்து வீட்டம்மா வைத்துவிட்டுப் போயிருந்த கஞ்சியை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். தான் ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினாள். சென்றாயன் அவள் முகத்தையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் ஊற்றியது. வெகு நேரம் கழித்துக் கோணல் வாயைத் திறந்தார்.

பிரசவத்துக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். வெண்மதி இன்னும் பயந்து பயந்து எழுந்து மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். முனியப்பனை நம்புவதா, மகளை நம்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போகிற தூக்குச்சட்டியில் களியை உருட்டி வைப்பது இப்போது அவள்தான். இரண்டு ஆளுக்குக் கணக்காக வைக்கிறாள்.