உப்பு லாரியில் வந்த டீச்சர்

பிலோமினா டீச்சர் இறந்துபோன செய்தி பள்ளிக்குத் தொலைபேசியில் வந்தது. காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் அறையில் யாரும் இல்லாததால் நான்தான் போய் எடுத்தேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினார்.

“பிலோமினாங்கறவங்க உங்க ஸ்கூலுங்களா?”

“ஆமாங்க. எங்க எச்.எம். லீவுல இருக்காங்க.”

“காலைல தவறிட்டாங்க சார். கூட யாருமே இல்ல. இந்த நம்பரைத்தான் குடுத்திருந்தாங்க. யாராச்சும் வரணும்.”

நான் ஆஸ்பத்திரி விவரத்தைக் குறித்துக்கொண்டேன். அந்த வாரத் தொடக்கத்தில்தான் டீச்சர் எங்களிடம், திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். போகும்போது நொண்டிக்கொண்டு போனார். அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவரிடம் படித்தவர்களும் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. மரக்காணத்தை அடுத்த உப்பளத்து ஊரில், நம் நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதா கோயில் தெருவில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். சர்க்கரை நோய் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போடும்போது மட்டும் அது நமக்கு நினைவுக்கு வரும். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பையனிடம், “நெளியாம நின்னு பேசு, அப்பதான் நீ சொல்றது எனக்குக் கேக்கும்” என்பார். அவரும் யார் முன்னாலும் நெளிந்ததில்லை.

ஒருமுறை உப்பு வாரும் பருவத்தில், பெரிய உப்பளக்காரர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு வாரம் காலையில் வேலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். அவருடைய நிலத்தில்தான் பள்ளியின் ஒரு கட்டடம் நிற்கிறது. டீச்சர் அவருக்கு நாற்காலி போடச் சொன்னார், மோர் கொடுக்கச் சொன்னார், அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, “பள்ளிக்கூட நேரத்துல அதுங்க என் புள்ளைங்க. ஒண்ணைக்கூடத் தர மாட்டேன். நீங்க கெளம்புங்க” என்றார். குரல் உயரவே இல்லை. உப்பளக்காரர் எழுந்து போய்விட்டார். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த அம்மா யாரிடமும் எதற்கும் கெஞ்ச மாட்டார் என்று அன்று எனக்குத் தோன்றியது. அது தவறு என்று இந்த வருடம் தெரிந்துகொண்டேன். அதற்குக் காரணமும் நான்தான்.

இந்த வருடம் வந்த சிக்குன்குனியா காய்ச்சலைப் பற்றி இந்தப் பகுதிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு ஆட்கள் மடங்கிக் கிடந்தார்கள். பாத்திகளில் உப்பு வார ஆள் இல்லை. தெருவில் நடந்தவர்கள் எல்லாம் சுவரைப் பிடித்து நடந்தார்கள். கொசுவால் வருகிறது என்று அரசாங்கம் சொன்னது. காற்றில் வருகிறது, தொட்டால் வருகிறது என்று ஊர் சொன்னது. பிடித்தவர் வீட்டு வாசலை மற்றவர்கள் தள்ளித் தாண்டிப் போனார்கள்.

எனக்குப் பிடித்தபோது என் மனைவி சுமதி எட்டு மாதக் கர்ப்பிணி. நான் படுத்த படுக்கையாக இருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கும் காய்ச்சல் வந்தது. பெருமுக்கல்லில் மாமியார் வீட்டிலும் எல்லோருக்கும் காய்ச்சல். ஒரு காலையில் சுமதி, “குழந்தை அசையல மாதிரி இருக்குதுங்க” என்றாள். தண்ணீர் கேட்டாள். எனக்கு எழுந்து நிற்க முடியவில்லை. முழங்கால் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. செம்பைத் தரையில் வைத்துத் தள்ளிக்கொண்டே, நாலு காலில் தவழ்ந்து அவள் பாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். லுங்கி அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. அதைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

அப்போது திறந்திருந்த வாசலில் டீச்சர் வந்து நின்றார். பள்ளிக்கு வராத ஆசிரியர்களின் வீடுகளுக்கு அவர் அந்த வாரம் போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

நான் கத்தினேன். “வெளிய போங்க டீச்சர்! யாரு உங்களை வரச் சொன்னது?”

அவர் வெளியே போகவில்லை. சட்டென்று திரும்பி, முகத்தைச் சுவரைப் பார்க்க வைத்துக்கொண்டார். அங்கே ஒரு காலண்டர் தொங்கியது. அதைப் பார்த்தபடியே, “நான் எதையும் பாக்கல வேலு சார். மெதுவா சரி பண்ணிக்குங்க. சுமதிக்கு என்ன, அதை மட்டும் சொல்லுங்க” என்றார். நான் லுங்கியை இழுத்து இடுப்பில் சுற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. அவ்வளவு நேரமும் அவர் காலண்டரோடு பேசுவதுபோல் என்னோடு பேசிக்கொண்டிருந்தார். அடுத்தவர் முன்னால் அப்படிக் கிடக்க நேர்ந்தவர்களுக்கு அந்த முதுகின் அருமை தெரியும்.

உடனே போய், ஆரம்பச் சுகாதார நிலையத்து நர்ஸைக் கையோடு கூட்டிவந்தார். நர்ஸ் வயிற்றில் காது வைத்துப் பார்த்துவிட்டு, உடனே புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். வாடகை வேன்காரர்கள் இரண்டு பேர், காய்ச்சல் என்றதும் மறுத்துவிட்டார்கள். “நாளைக்கு எவனும் என் வண்டில ஏற மாட்டான் டீச்சர்” என்றான் ஒருவன். பஸ்ஸில் உட்காரவைத்துக் கொண்டுபோகும் நிலையில் சுமதி இல்லை. டீச்சர் உப்பளத்துச் சாலையில் போய் நின்றார். மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த ஒரு சின்ன லாரியை மறித்தார். ஓட்டி வந்தவர் முருகையன்.

“முருகையா, தொட்டா வராது. ஜுரக்காரங்களைக் கடிச்ச கொசு உன்னைக் கடிச்சாதான் வரும். நான் அவங்களை கொசுவலைக்குள்ள வச்சிக் கூட்டிட்டு வர்றேன். நீ முன்னாடி கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டு. போதுமா?”

“நீங்க முன்னாடி குந்துங்க டீச்சர்.”

“நான் அவங்களோட பின்னாடியே வர்றேன். அப்பதான் உனக்கு நம்பிக்கை வரும்.”

தன் வீட்டுக் கொசுவலையைக் கொண்டுவந்து, லாரியின் பின்புறத் தார்ப்பாய்க் கம்பிகளில் நான்கு மூலையையும் கட்டினார். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், ஸ்கேன் சீட்டு, மாற்றுத் துணி எல்லாம் அவரே எடுத்து வைத்தார். தெருவில் நின்றவர்களில் யாரும் பக்கத்தில் வரவில்லை. முருகையனும் டீச்சரும்தான் எங்களைத் தூக்கி ஏற்றினார்கள். ஐம்பத்தாறு வயதில், பட்டையாக மடித்துக் குத்திய சேலையோடு, டீச்சர் லாரியின் பின்பலகையில் கால் வைத்து ஏறினார். ஏறும்போது பலகையின் கொக்கி கெண்டைக்காலில் கிழித்தது. ரத்தம் வந்தது. “ஒண்ணும் இல்ல, கீறல்தான்” என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டார்.

லாரித் தரையெல்லாம் உப்பு. குலுங்கும்போதெல்லாம் அது வியர்வையில் ஒட்டி எரிந்தது. டீச்சர் சுமதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழி முழுவதும் அவள் வயிற்றில் கையை வைத்திருந்தார். நடுவில் ஒருமுறை, “தோ, ஒதைக்கிறான் பாரு” என்றார். உண்மையில் உதைத்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. சுமதி அதைக் கேட்டதும் அழுகையை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் நடைபாதை முழுக்கப் பாயும் பேப்பரும் விரித்து ஆட்கள் கிடந்தார்கள். பிரசவப் பிரிவில், காய்ச்சல் இருப்பதால் காய்ச்சல் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். காய்ச்சல் பிரிவில், கர்ப்பிணி என்பதால் பிரசவப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். சக்கரப் படுக்கையில் சுமதி இங்கும் அங்கும் போய்வந்தாள். நான் ஒரு தூணில் சாய்ந்து கிடந்தேன். இளவயது டாக்டர் ஒருவர் வேகமாக நடந்து வந்தார். டீச்சர் அவர் முன்னால் போய் நின்றார். இப்போது அந்தக் குரலில் ஒன்று சொல்வார், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன்.

டீச்சர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சார், உங்க கால்ல வேணா விழறேன் சார். இந்தப் பொண்ணை ஒருவாட்டி பாத்துடுங்க. வயித்துல இருக்கிறதை மட்டும் பாத்துச் சொல்லிடுங்க சார்.” குரல் உடைந்தது. உடம்பு முன்னால் வளைந்திருந்தது. தன் பழைய மாணவர்களின் வயதுகூட இல்லாத ஒருவரிடம், வழியில் போகிறவர்கள் பார்க்க, அவர் கெஞ்சினார். அந்தக் கெஞ்சல் நான் செய்திருக்க வேண்டியது. நான் தூணடியில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் நின்றார், பார்த்தார், அங்கேயே அறுவைச் சிகிச்சைக்குச் சொன்னார்.

சுமதியை உள்ளே கொண்டுபோக, டீச்சரும் கூடப் போன பிறகு இன்னொன்று நடந்தது. அதை இங்கே எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன். கழிப்பறைக்குப் போக என்னால் எழ முடியவில்லை. யாரையும் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. கூச்சப்பட்டே உட்கார்ந்திருந்ததில், உட்கார்ந்த இடத்திலேயே லுங்கி நனைந்துவிட்டது. டீச்சர் திரும்பி வந்து பார்த்தார். மாற்றுத் துணியை என் மேல் போட்டுவிட்டு, பக்கத்தில் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம், “தம்பி, இவரைக் கொஞ்சம் உள்ள கூட்டிட்டுப் போறியா?” என்று கேட்டார். அதற்குள் என் மாமியார் காய்ச்சலோடு பஸ் பிடித்து வந்து சேர்ந்துவிட்டார். வந்ததும் கண்ணில் பட்டது அதுதான்.

“ஏன் மாப்பிள்ளை துணியெல்லாம் ஈரமா இருக்குது?”

“லாரில வந்தப்ப தண்ணி பாட்டிலு கவுந்துடுச்சும்மா. நான்தான் சரியா மூடல” என்றார் டீச்சர்.

பொய் சொன்ன பிள்ளைகளை மன்னிக்கவே மாட்டார் என்று நமக்குத் தெரியும். அவர் சொல்லி, பொய்யென்று எனக்கு உறுதியாகத் தெரிந்தவை இரண்டு. முதல் பொய் இது. இரண்டாவது திண்டிவனத்துக் கல்யாணம்.

குழந்தை பிறந்தது. பெண். பிறந்த சில நாளில் அதற்கும் காய்ச்சல் வந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, பிழைத்தது. டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார். நான் மெல்ல நடக்கத் தொடங்கி, பள்ளிக்குத் திரும்பினேன். திரும்பியபோது பாதிப் பேர் நொண்டிக்கொண்டிருந்தோம். கணக்கு ஆசிரியர் தணிகாசலம் நாற்காலியைப் பிடித்தபடிதான் பாடம் நடத்தினார். டீச்சரும் நொண்டினார். ஒருநாள், “உங்களுக்குமா டீச்சர்?” என்று கேட்டேன்.

“ஊருக்கே கால் வலி. எனக்கு மட்டும் இருக்கக் கூடாதா சார்?” என்று சிரித்தார்.

எல்லோரும் நொண்டும் ஊரில் ஒருவரின் நொண்டல் எப்படித் தனியாகத் தெரியும்? அவர் அறையில் கிருமிநாசினி வாசனை அடித்துக்கொண்டே இருந்தது. காய்ச்சலுக்குப் பயந்து தினமும் தரையைக் கழுவச் சொல்கிறார் என்று பேசிக்கொண்டோம். மழைக்காலம் தொடங்கியபோது நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டார், பிள்ளைகளைப் பக்கத்தில் அழைப்பதை நிறுத்தினார். வயதாகிறது, கோபம் அதிகமாகிறது என்று தணிகாசலம் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அந்தத் தொலைபேசி வந்த அன்று நானும் தணிகாசலமும் புதுச்சேரிக்குப் போனபோது டாக்டர் சொன்னார். காலில் புண். பல வாரங்களாக ஆறாத புண். சர்க்கரை இருப்பதால் உள்ளேயே அழுகி, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. தனியாக பஸ்ஸில் வந்து இறங்கி, சீட்டு வாங்கும் வரிசையில் நின்றபோது மயங்கி விழுந்திருக்கிறார். காலை எடுக்க வேண்டும், வீட்டாருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டபோது, “ஸ்கூல்ல பரீட்சை நடக்குது, முடியட்டும்” என்றாராம். வாசனை அடிக்கிறதே என்று நர்ஸிடம் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தாராம்.

அது லாரிக் கொக்கி கிழித்த அதே காயமா என்று டாக்டர் சொல்லவில்லை. எந்தக் கால், எந்த இடம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வாய் வரை வந்தது. நான் கேட்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஊரே நின்றபோது, முருகையன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

அவர் ஏன் நம்மில் ஒருவரையும் கூப்பிடவில்லை என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்க்கிறேன். மற்றவர்களுக்காகக் காலில் விழத் தயாராக இருந்தவருக்குத் தனக்காக ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. தூணடியில் எனக்கு இருந்த அதே கூச்சம்தான் அவருக்கும் இருந்திருக்கிறது. என் கூச்சத்தை மறைக்க அவர் இருந்தார். அவர் கூச்சத்தைத் தாண்டி உள்ளே வர நம்மில் ஒருவர் இல்லை.

எனக்கு இன்னும் காலையில் முழங்கால் மடங்குவதில்லை. போன வாரம் மூட்டு டாக்டரைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போக வேண்டியிருந்தது. பஸ் படியில் ஏற முடியாமல் இரண்டு முறை திரும்பி வந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது முறை ஆசிரியர் அறையில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன்: “என்னால தனியா போக முடியல. படி ஏற முடியல. யாராச்சும் கூட வரணும்.”

முகம் சுட்டது. சொல்லி முடித்ததும் ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. இருந்தாலும் கேட்டேன், இனியும் கேட்பேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதுதான். எனக்காக அவர் செய்ததும், தனக்காக அவரால் முடியாமல் போனதும் இது ஒன்றுதான்.

தணிகாசலம் டிபன் பாக்ஸை மூடினார்.

“எத்தனை மணி பஸ்ஸு சார்?” என்றார்.