வரிசையில் ஒருவரையும் விடாதே

கோர்க்கோர் அக்கா கெங்கே விற்பவர். புளித்த சோளமாவை உருட்டிச் சோளத் தோகையில் சுற்றி அவித்து, பொரித்த மீனோடு எங்கள் தெருமுனையில் வைத்திருப்பார். சனிக்கிழமை மட்டும் அடுப்பு எரியாது. அன்று எங்கள் ஊரான டெஷியில் எங்காவது ஒரு சாவு விசேஷம் இருக்கும். பந்தல், பாட்டு, ஆட்டம், சாப்பாடு. அக்கா அங்கே இருப்பார்.

எதிர்த்த மருத்துவமனையில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வெளிநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள். வாரமெல்லாம் ஓடிவிட்டுச் சனிக்கிழமை அறையைச் சாத்திக்கொண்டு போனோடு படுத்திருப்பார்கள். அக்காவுக்கு அது பொறுக்காது. ஹாலந்திலிருந்து வந்த வெசலைக் கதவைத் தட்டி எழுப்பியது அவர்தான்.

“இவ்ளோ தூரம் பறந்து வந்தது சுவத்தப் பாக்கவா? கறுப்புச் சட்ட இருந்தா போட்டுட்டுக் கெளம்பு.”

முதல் தடவை மிரண்டவன், போகப்போகக் கிழவிகளோடு சேர்ந்து ஆடவே ஆரம்பித்துவிட்டான். ஒவ்வொரு வாரமும் கிளம்புமுன் கடையில் அவனுக்குப் பாடம் நடக்கும். வலது ஓரத்திலிருந்து தொடங்கி எல்லோருக்கும் கைகொடுக்க வேண்டும். ஒருவரை விட்டாலும் அந்தக் குடும்பத்துக்கே அவமானம். தப்பித்தவறி இடது கையை நீட்டினால் கரண்டியால் விரலில் ஒரு போடு. பழகிப் பார்க்க, பக்கத்து வீட்டுக்காரனான என் கைதான் கிடைத்தது.

அப்போதுதான் அக்காவின் தமக்கை டெடே இறந்துபோனார். தங்கள் அம்மாவின் சாவிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. நிறைந்த வயதில் போன அம்மாவுக்கு வீடே வெள்ளை உடுத்தியிருக்க, கோர்க்கோர் அக்கா மட்டும் அகாலச் சாவுக்கு உடுத்தும் சிவப்பில் வந்து நின்றார். தனக்கு அம்மா இன்னும் போதவில்லை என்றாராம். ஊர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று டெடே கடைசிவரை மன்னிக்கவில்லை.

டெடேயின் மகன் ஆஷிட்டே கடைக்கு வந்து, உட்காராமலே சொன்னான்.

“பந்தல்ல உக்காரலாம் சித்தி. உள்ள மட்டும் வராதீங்க. அம்மா சொல்லிட்டுப் போனது.”

“ஒரு தடவ அவ கையத் தொட்டுட்டுப் போயிடறேன்டா.”

அவன் அதற்குள் தெருவில் இறங்கிவிட்டான். அக்கா தோகையைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை பந்தலின் கடைசி வரிசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்கா மறுபடி சிவப்பில்தான் வந்திருந்தார். வெசலின் காலரை நீவிவிட்டார்.

“உள்ள உக்காந்திருக்கற அத்தன பேருக்கும் கை குடு. ஒருத்தரையும் விடாத.”

நான் அவன் பின்னாலேயே போனேன். சுவரோரம் உறவுக்காரர்கள். வரிசையின் முடிவில் டெடே. பட்டு உடுத்தி, நகை பூட்டி, மடியில் கைவைத்து நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். பெரிய மரியாதை அது. அந்த நாற்காலி முன் குனிந்துவிட்டு நகர வேண்டும், தொடக்கூடாது. வெசல் அதுவரை கட்டிலில் கிடத்திய பிணங்களைத்தான் பார்த்திருந்தான். நான் வாயெடுப்பதற்குள் டெடேயின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டான்.

பாட்டு அறுந்தது. ஒரு பெண் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் சரிந்தாள். என் முதுகு சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. வெசலுக்குக் குளிர்ச்சி உறைத்தது தெரிந்தது, முகம் சாம்பலாகிவிட்டது. ஆனால் கையை விடவில்லை. பயத்தில் தன் விரல்களே இறுகிப்போய் அவனால் விட முடியவில்லை. ஆஷிட்டே பாய்ந்து வந்தவன், அம்மாவைத் தொடத் துணியாமல் நின்றான்.

“கூட்டிட்டு வந்தவங்கதான் கூட்டிட்டுப் போகணும்,” என்றார் குடும்பத்துப் பெரியவர். “கூப்பிடு அவள.”

ஆஷிட்டே வாசலுக்குப் போக வேண்டியதாயிற்று. “சித்தி... உள்ள வாங்க.”

அக்கா வந்தார். வெசலின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவன் கை விலகிய இடத்தில் அக்காவின் கை இருந்தது.

“சில்லுனு இருக்கியே டெடே,” என்றார்.

ஆஷிட்டே ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

பிறகு வெளியே வெசல் வலது கையை மணலில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“அவங்க உக்காந்திருப்பாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

அக்கா ஒரு சோடாவைத் திறந்து நீட்டினார். அவன் இடது கையால் வாங்கினான். அன்றைக்கு விரலில் போடு விழவில்லை.