கருகிய கொள்ளுக் குழம்பு

கொள்ளுக் குழம்பு அடிப்பிடித்து வீடெல்லாம் கருகல் வாடை. அடுப்புக்குப் பக்கத்திலேயே போன் பார்த்துக்கொண்டிருந்த என் மகனுக்குத் தெரியவில்லை. பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டதில் அவனுக்கு வாசனை நரம்பு அறுந்துவிட்டது. ருசியும் போகும், கோபமும் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இண்டூரில் புளி உலுக்க ஏறிய என் அப்பா, மரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்து பிழைத்து வந்தார். காயம் ஆறியதும் அம்மா களி கிளறி, அவருக்குப் பிடித்த கொள்ளுக் குழம்பு ஊற்றினாள். ஒரு வாய் வைத்தவர் தட்டைத் தள்ளினார்.

"என்னத்த ஆக்கியிருக்கற? மண்ணத் திங்கற மாதிரி இருக்குது."

அம்மா பூண்டைக் கூட்டினாள், மிளகாயைக் கூட்டினாள். எங்களுக்கு நாக்கு எரிந்தது. அப்பாவின் தட்டு தினமும் வாசலில் போய் விழுந்தது.

"புளியமரத்து முனி அவரத் திங்க வுடமாட்டேங்குது" என்று மாமா கோழி அறுத்தார்.

"முனியுமில்ல ஒண்ணுமில்ல, என் கைப்பக்குவம் போயிருச்சு" என்றாள் அம்மா.

இப்போது அடுப்பில் புகையைப் பார்த்த மகன் பதறி எழுந்தான். "தெரியலம்மா."

"உன் தப்பில்ல சாமி" என்று அடுப்பை அணைத்தேன்.

இதை அப்பாவிடம் சொல்ல அன்று யாருமில்லை, அம்மாவிடமும்தான். சாகும்வரை அவள் எந்தக் குழம்பையும் பக்கத்து வீட்டு அத்தையின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "ருசி இருக்குதுங்களா?" என்று கேட்ட பிறகுதான் இறக்கினாள்.