முதுகுப் பக்கம் வந்த வெளிச்சம்

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் விலை கேட்பார். எதையும் வாங்க மாட்டார். மரச்சாமான் கடையில் டெலிவரி வேன் ஓட்டிய மனுஷன். கட்டிலும் அலமாரியும் சோபாவுமாக ஊரில் பாதி வீட்டுக்குள் போய் வந்தவர். மாடிப்படி திரும்புகிற இடத்தில் கட்டிலை எந்தப் பக்கம் சாய்த்தால் உள்ளே போகும் என்று படியைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். வேலையை விட்ட பிறகு சாயங்காலம் நடக்கப் போவார். கடைத்தெரு முழுக்க விலை விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வந்து, என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிப்பார். நானும் யாருடைய பேண்டுக்காவது அடி மடித்துத் தைத்துக்கொண்டே "ஓஹோ", "அடேயப்பா" என்று தலையாட்டுவேன். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் ஏதாவது பேச்சுச் சத்தம் வேண்டாமா?

பிள்ளை இல்லை என்று இப்போது சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் அது லேசாக இல்லை. அவருடைய அக்கா, அதாவது என் அண்ணி, "இவ வந்தா, என் தம்பியோட வம்சம் நின்னுது" என்று என் காதுபடவே சொல்வார். யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் தொட்டில் பக்கம் என்னை நிற்க விடமாட்டார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினேன். எல்லாப் பரிசோதனையும் எனக்குத்தான். "உங்ககிட்ட குறை ஒண்ணும் தெரியலை, அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க" என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளும் லீவு கிடைக்கவில்லை. என்னை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியிலேயே உட்கார்ந்திருந்து, திரும்ப ஏற்றிக்கொண்டு போவார். அன்றைக்கு மட்டும் வழியில் நான் எதைக் காட்டினாலும் விலை கேட்காமல் வாங்கித் தருவார். டாக்டரம்மா சொன்னதை அண்ணியிடம் சொன்னேன். "பழியைத் தூக்கி என் தம்பி மேல போடப் பாக்குறியா?" என்று ஆடித் தீர்த்துவிட்டார். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. அதை மட்டும் என்னால் மறக்க முடிந்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் நடந்துவிட்டு வந்தவர், செருப்பைக்கூட கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஒரு புத்தகம் பாத்தேன். என்ன விலை தெரியுமா?"

விலையைச் சொன்னார். என் கால் மிஷின் மிதியிலேயே நின்றுவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு அது! எங்கள் வீட்டில் புத்தகம் என்றால் பேங்க் பாஸ்புக் ஒன்றுதான்.

"அப்படி என்ன எழுதியிருக்கு அதுல?"

"எழுத்தெல்லாம் இல்ல. குண்டுப் படம். முழுக்க முழுக்க குண்டுப் படம்."

"ஏன், உங்க அக்கா ஆல்பத்தை அச்சுப் போட்டுட்டாங்களா?"

இதற்கெல்லாம் வழக்கமாகச் சிரித்துவிடுவார். அன்று சிரிக்கவில்லை. "அணுகுண்டும்மா. சோதனைக்குன்னு வெடிச்சுப் பாப்பாங்கல்ல, அதைப் படம் புடிச்சு புத்தகமாப் போட்டிருக்காங்க" என்றார்.

மறுநாளும் அதே பேச்சு. அதற்கு மறுநாளும் அதேதான். தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். "அவ்வளவு விலை வச்சிருக்கான் பாரு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தேன். "கிளம்புங்க. அது என்ன அதிசயப் புத்தகம்னு நானும் பாக்குறேன்."

கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வாசலுக்கு எதிரிலேயே ஒரு மேஜையில் அந்தப் புத்தகத்தை அடுக்கியிருந்தார்கள். தாம்பாளம் அளவுக்கு ஒவ்வொன்றும். மேலே பிளாஸ்டிக் உறை. அட்டையில் கறுப்பு வானத்தில் சிவப்பாக ஒரு புகை மண்டலம். நான் உறையில் நகத்தை வைத்ததும், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் ஓடி வந்தாள்.

"பிரிக்கக் கூடாதும்மா. வாங்கினாதான் பிரிக்கலாம்."

"துணிக்கடையிலகூட பிரிச்சு உதறிக் காட்டுறாங்க. இந்த விலை சொல்றியே, உள்ள வெறுந்தாளா இருந்தா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

நல்ல பெண். சிரித்துவிட்டு, உறை பிரித்த பிரதி ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்தாள். கீழே விழுந்து ஒரு மூலை நசுங்கியிருந்தது. நாற்காலியும் போட்டாள். அவர் புத்தகத்தைத் தொடவில்லை. என் பக்கம் நகர்த்தினார்.

"நீ பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லு."

"கண்ணாடி சட்டைப் பையிலதானே இருக்கு?"

"இருக்கு. நீ பாரு."

திருப்பினேன். பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரு பெயர், ஒரு தேதி, அவ்வளவுதான். ஒன்று பால் பொங்கி வழிகிற மாதிரி இருந்தது. இன்னொன்று காலிஃபிளவரேதான். ஒன்றில் கடல் தண்ணீர் அப்படியே எழுந்து நிற்கிறது, அடியில் கப்பல்கள் தூசி தூசியாக. எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். "பயமா இருக்குங்க. ஆனா அழகா இருக்கு, சனியன்" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஆளுங்க நிக்கிற படம் இருக்கா?"

இருந்தது. வெட்டவெளி மணலில் ராணுவ உடுப்புப் போட்ட பையன்கள் வரிசையாக, நம்மைப் பார்த்தபடி நிற்கிறார்கள். எல்லோரும் முழங்கையை மடக்கிக் கண்ணை மூடியிருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரே வெள்ளை வெளிச்சம்.

"சின்னப் பசங்க. கண்ணாமூச்சி ஆடுற மாதிரி நிக்கிறாங்க."

"அப்படி ஒரு வரிசையில நான் நின்னேன்" என்றார்.

கல்யாணத்துக்கு முன்பு கடல் கடந்து போய் வெள்ளைக்காரன் ராணுவத்தில் லாரி ஓட்டினார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"பத்தொம்பது வயசு எனக்கு. முதுகைக் காட்டி நில்லு, கண்ணை மூடு, திரும்பாதேன்னாங்க. மூடின கண்ணுக்குள்ளயே பட்டப்பகல் ஆயிடுச்சும்மா. முதுகுல அடுப்பைத் திறந்து வச்ச மாதிரி சூடு. திரும்பலாம்னு சொன்னப்ப வெறும் புகைதான் நின்னுச்சு. அப்புறம் காகிதத்துல கையெழுத்து வாங்கினாங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, கட்டிக்கப் போறவகிட்டகூட. விட்டா ஜெயில்." அட்டையில் இருந்த விலைச் சீட்டை விரலால் தேய்த்தார். "ரகசியம்னாங்க. இப்போ இவ்வளவு ரூபான்னு ஒட்டி வாசல்ல அடுக்கி வச்சிருக்காங்க."

நான் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தேன். அவர்தான் மேலே சொன்னார். "கூட நின்ன ரெண்டு மூணு பேருக்குப் புள்ளை தங்கலைன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். அதனாலதான்னு யாரும் உறுதியாச் சொல்லலை. ஆனா டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு விட்டப்பல்லாம் எனக்கு உதறும். போகலை. அக்கா உன்னைப் பேசினப்ப எனக்கு உள்ளுக்குள்ள தெரியும். தெரிஞ்சும் நின்னுட்டிருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் புத்தகத்தைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். தூக்க முடியாத கனம், அதனால் தப்பித்தார். எத்தனை மாத்திரை, எத்தனை ஊசி, எத்தனை பேர் வாயில் விழுந்தேன்! அதே நேரத்தில், அந்தப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. யாரோ பெற்ற பிள்ளைகள். மீசைகூட சரியாக முளைத்திருக்காது. இந்த மனுஷனை வெறுக்கவும் முடியவில்லை, விடவும் மனசில்லை எனக்கு.

"பாப்பா, இதை எடுத்துக்கறேன்" என்றேன்.

"புதுசு தர்றேன்மா."

"புதுசு வேண்டாம், இதுதான் வேணும். மூலை நசுங்கியிருக்கு பாரு, குறைச்சுக்கோ."

கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் பேரம் பேசுகிறது! பாவம், அந்தப் பெண் பயந்துபோய் ஒரு கையில் தண்ணீரும் மறு கையில் மேனேஜருமாக வந்தாள். கால்வாசி குறைத்தார்கள். தையல் மிஷினுக்கு மோட்டார் போட வைத்திருந்த பணம் அதில் போயிற்று.

"எதுக்கும்மா இவ்வளவு பணத்தைக் கொட்டி..."

"பேசாம தூக்கிட்டு வாங்க. உங்க அக்கா வீட்டுக்குப் போறோம்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் தூக்கிக்கொண்டு வந்தார்.

அண்ணிக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. டி.வி.க்கு முன்னால் நாற்காலியில்தான் நாள் முழுக்க. அவர் அக்காவின் காலடியில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திருப்பினார். அப்போதுதான் முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்க்கிறார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கடையில் என்னிடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

"யாரால புள்ளை இல்லைன்னு யாருக்கும் தெரியாதுக்கா. ஆனா இவகிட்ட குறை இல்லைன்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாங்க. சோதனைக்குப் போகாதவன் நான்தான். நீ இவளைப் பேசினதையெல்லாம் என்னைப் பேசியிருக்கணும்."

அண்ணி டி.வி.யை நிறுத்தினார். "இதுல நீ எதுடா?" என்று கேட்டார்.

"இது எந்த வரிசைன்னே தெரியலக்கா. எல்லாரும் முகத்தை மூடியிருக்காங்க."

அண்ணி ஒவ்வொரு பையனாக விரல் வைத்துத் தடவிக்கொண்டே போனார். கடைசிப் பையன் வரை போய்விட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பேசினது பேசினதுதான். திருப்பி எடுத்துக்க முடியாது. ஏன் நின்னுட்டே இருக்கே? இப்படி என் பக்கத்துல வந்து உக்காரு."

அண்ணியிடம் என்றைக்காவது கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காக வார்த்தை வார்த்தையாகக் கோர்த்து வைத்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டேன். போய் உட்கார்ந்தேன். கிளம்பும்போது, இரண்டு நாள் இங்கே இருக்கட்டும் என்று புத்தகத்தை அண்ணி வாங்கி வைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. அவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கையெழுத்துக்குப் பயந்தது கொஞ்ச நாள்தாம்மா. அப்புறமெல்லாம் உனக்குத்தான் பயந்தேன். அப்பவே சொல்லியிருந்தா என்னை விட்டுட்டுப் போயிருப்பல்ல?"

"போயிருப்பேன்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"பெட்டியைத் தூக்கிட்டு நேரா எங்கம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். நாலு நாள் அழுதிருப்பேன். அஞ்சாம் நாள் நீங்க வந்து வாசல்ல நின்னிருந்தா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே கூட வந்திருப்பேன். நாலு நாள்ல முடிஞ்சிருக்க வேண்டியதை இத்தனை வருஷம் இழுத்துட்டீங்களே, பாவி மனுஷா!"

அவர் நடுரோடு என்றும் பார்க்காமல் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். எங்கள் பஸ் வந்து நின்றது. அடுத்ததில் வருகிறோம் என்று கண்டக்டரிடம் கையைக் காட்டிவிட்டேன்.