லைனில் இருந்தவர்

ஆபீசில் அவளுக்கு ஐஸ்கட்டி என்று பெயர். ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை எடுக்கும் வேலை. அந்தப் பக்கம் ஊரே பற்றி எரிந்தாலும் இந்தப் பக்கம் அவள் குரல் ஒரு நூல் உயராது. எங்கே, யாருக்கு, வயது என்ன, மூச்சு இருக்கிறதா என்று கேட்பாள். விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டே போகும். புதிதாகச் சேரும் பெண்கள் முதல் வாரம் கழிப்பறையில் போய் அழுவார்கள். இவள் அந்த வாரத்தைக்கூட அழாமல் தாண்டியவள் என்று மேலாளர் அக்கா பெருமையாகச் சொல்வாள்.

வேன் ஓட்டும் அவள் புருஷன் ஒரு நாள் மதியம் மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். அத்தனை நாற்காலிகள் இருக்க, அழைப்பு இவளிடம் வந்து விழுந்தது. திரையில் நம்பர் தெரியத்தான் செய்தது. ஆனால் போனில் பெயராகவே பார்த்துப் பழகிய புருஷன் நம்பரை யார் மனப்பாடம் செய்கிறார்கள்? குரலோ பாதி மூச்சு, பாதி வாகன இரைச்சல். மேம்பாலம், பெட்ரோல் பங்க், எனக்குத்தான், ஐம்பத்திரண்டு. அவ்வளவுதான் சொன்னார்.

"பயப்படாதீங்க சார், லைன்லயே இருங்க" என்று எல்லோரிடமும் சொல்வதைச் சொல்லிவிட்டு, வண்டி அனுப்பும் பிரிவோடு பேசப் பட்டனை அழுத்தினாள். அதை அழுத்திவிட்டால் அழைத்தவர் பேசுவது காதில் விழாது. ஓலம் கேட்டுக்கொண்டே இடம் சொன்னால் தப்பாகிவிடும் என்று அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். திரும்பி வந்தபோது லைன் துண்டாகியிருந்தது. மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. வண்டி கிளம்பியதைப் பதிந்துவிட்டு அடுத்த அழைப்புக்குப் போனாள். அப்புறம் டப்பாவைத் திறந்து சாப்பிடவும் செய்தாள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வண்டி நேரத்துக்குத்தான் போயிருக்கிறது, உயிர்தான் நிற்கவில்லை. அழைப்பை எடுத்தது யார் என்பது மறுநாள் தெரிந்தது. ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை, எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. கட்டின புருஷனைச் சார் என்று கூப்பிட்டு வழியனுப்பியதற்கு எந்த முறையில் மன்னிப்பு இருக்கிறது? பேசியது தன் பெண்டாட்டி என்று அவருக்குத் தெரிந்ததா, தெரிந்திருந்தால் என்ன நினைத்துக்கொண்டு போனார்? அந்தக் கேள்வி அவளை அரித்துத் தின்றது. பேச்சு முழுக்கப் பதிவாகி ஆபீசில் இருந்தது. போய்க் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று, இடத்தைக் கேட்க மறந்து, அழைத்த ஒவ்வொருவரிடமும் "நீங்க யாரு? உங்க பேரு என்ன?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா வந்து ஹெட்செட்டைக் கழற்றி, லீவு எழுதிக் கொடுத்து அனுப்பினாள். யோகாவில் சேருங்கள், தினமும் ஏதாவது எழுதுங்கள் என்றார் அவள் போய்ப் பார்த்த மனநல டாக்டர். புருஷன் போனதற்குக் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுவதா பரிகாரம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. மகள் விடவில்லை. தரதரவென்று இழுத்துப் போய்ச் சேர்த்துவிட்டாள்.

வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. மூச்சை இழுத்தால் ரப்பர் நாற்றம். காலையில் யோகாவும் பகலில் இன்சூரன்சுமாகப் பிழைக்கும் ஒல்லியான டீச்சர், கடைசியில் எல்லோரையும் பிணம் மாதிரிப் படுக்கவைத்து அவரவர் மூச்சைக் கவனிக்கச் சொல்வாள். இவளுக்குத் தன் மூச்சைத் தவிர எல்லோர் மூச்சும் கேட்டது. பக்கத்துப் பாய்க்கு இழுப்பு, பின்னால் படுத்தவர் தூங்கியே விட்டார். தொழில்புத்தி லேசில் போகுமா?

எழுத்துக்கும் டீச்சர் ஒரு வழி சொல்லியிருந்தாள். நினைத்ததை எழுத வேண்டாம், அன்று பார்த்ததை மட்டும் எழுதினால் போதும். இவள் எழுதினாள்: பால் பொங்கியது. அணைத்தேன். மாடிப்படியில் பூனை. மூச்சு இருக்கிறது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பூனைக்கு வண்டி அனுப்பப் போறியா?" என்று கேட்டாள். துக்க வீட்டில் முதன்முதலாக இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டோமே என்று அப்புறம் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நாளாக ஆகக் கை கொஞ்சம் ஓடியது. ஒரு சாயங்காலம் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து எழுதினாள்: அவர் சமையலறை வாசலில் வந்து நிற்பார். ஏதோ சொல்ல வந்திருப்பார். நான் திரும்ப மாட்டேன். வேலையா இருக்கியா, சரி, பாரு, பாரு என்று போய்விடுவார். எழுதியதை இன்னொரு முறை படித்தாள். இத்தனை வருஷத்தில் அவர் என்ன சொல்ல வந்தார் என்பது ஒன்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பாயில் படுத்திருந்தபோது அவள் மூச்சு அவளுக்குக் கேட்டது. முரடாக, அறுந்து அறுந்து வந்தது. கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்காமல் கேட்டுக்கொண்டே கிடந்தாள். வகுப்பு முடிந்ததும் நேராக ஆபீசுக்குப் போனாள்.

"வேணாம்டி. கேட்டா உனக்குத் தூக்கம் போயிடும்" என்றாள் அக்கா.

"இப்ப மட்டும் தூங்குறேனாக்கா?"

அக்கா பதிவை ஓடவிட்டாள். முதலில் இவள் குரல் வந்தது. பதற்றமே இல்லாத, நல்ல, யாருடையதோ போன்ற குரல். பயப்படாதீங்க சார். அப்புறம் பட்டன் சத்தம். அதற்கு மேல் இவள் கேட்காத பகுதி. லாரி ஒன்று கடந்து போனது. இழுத்து இழுத்து மூச்சு. பிறகு அவர், ஏறக்குறைய சந்தோஷமாக:

"அட, நீயா… கேக்குதா?"

மூச்சு. மறுபடி, "கேக்குதா?"

"வேலையா இருக்கியா… சரி, பாரு, பாரு."

அவரே போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவளால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. பல நாள் வகுப்புக்குப் போய்ப் பாயில் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வந்தாள். லீவு முடிந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தபோது, இரண்டு லைனையும் ஒன்றாகத் திறந்து வைக்கும் இன்னொரு பட்டனை அழுத்தினாள். குழப்பம் என்று யாரும் தொடாத பட்டன் அது. அக்கா வாயைத் திறந்தாள். பிறகு தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

முதல் அழைப்பு ஒரு கிழவர், மனைவி குளியலறையில் விழுந்துவிட்டாள் என்றார். வண்டிக்காரர்களுக்குத் தெருவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் தனக்குள் முனகுவது கேட்டது. யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா.

ஐஸ்கட்டியின் குரல் நடுங்கியது. "இருக்கேங்க. கேக்குது. சொல்லுங்க."