கடைசிப் பக்கத்தின் பின்பக்கம்

போன வாரம் ஒரு போன். எங்கள் விஞ்ஞானக் கதை வாசகர் சங்கத்தின் இப்போதைய செயலாளர் குமார். பேங்க்கிலிருந்து ரிட்டயர் ஆனவர். என் கண்ணுக்குப் பொடியன்தான்.

"அக்கா, பழைய டிரங்குப் பெட்டியைச் சுத்தம் பண்ணிட்டிருக்கேன். ஒரு ராக்கெட் கதையோட மாமியார் மருமகள் கதை ஒண்ணைச் சேர்த்துக் கட்டியிருக்கு. யாரோ தெரியாம கட்டிட்டாங்க. பிரிச்சு எடைக்குப் போட்டுடவா?"

"கயித்துல கை வெச்சே, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றேன்.

பாவம், அவருக்கு என்ன தெரியும்? அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். 'மாமியார்' என்று வரும் இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் அழுந்துகிற மாதிரி இருக்கிறது... இருக்கட்டும்.

எழுபதுகளின் ஆரம்பம். மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. நான் கடற்கரைக் குப்பத்துப் பெண். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன் — ஆனால் நான் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் ராக்கெட் செவ்வாய்க்குப் போய்த் திரும்பிவிடும்.

அடுத்த வீடு ரோஸ்லின் டீச்சர். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. சனிக்கிழமை மதியம் அவர் வீட்டு மீனை நான் ஆய்ந்து கொடுப்பேன். அவர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நாங்கள் பாதிப் பாதி காசு போட்டு வாங்கும் வார இதழைச் சத்தமாகப் படிப்பார். அதில் இரண்டு தொடர்கதை. ஒன்று அவருக்கு, மாமியார் மருமகள். ஒன்று எனக்கு, நட்சத்திரத்துக்குப் போகும் கப்பல். படித்து முடித்ததும் அவரவர் கதையைக் கிழித்து எடுத்துக்கொள்வோம். என் கை மீனில் இருக்கும், காது வானத்தில் இருக்கும்.

"இதுல என்னத்தைக் கண்டே கன்னியம்மா? இத்தனை வாரத்துல ஒருத்தன்கூட ஒரு வாய் சோறு தின்னலை."

"போனவன் திரும்பி வரானா இல்லியான்னு பாக்கணும் டீச்சர். எங்க அம்மா தெனமும் கரையில நின்னு பாத்தது அதானே."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை.

சங்கம் கூடுவது சிட்லபாக்கத்தில், ஒரு டுடோரியல் ஹாலில். மாதம் ஒரு ஞாயிறு. வருஷத்துக்கு ஒரு முறை பெரிய கூட்டம். ஊரப்பாக்கம், முடிச்சூரிலிருந்தெல்லாம் சைக்கிளில் வருவார்கள். அத்தனையும் ஆண்கள். வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டு அவர் பாட்டுக்குத் தூங்குவார். "அம்மா, காபி எங்கே?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. "நானும் அதுக்குத்தான் காத்துகினு கீறேன்" என்பேன்.

எனக்கு வேண்டியது காபி இல்லை. அந்த டிரங்குப் பெட்டி.

பெட்டி நிறைய பைண்டு பண்ணிய தொடர்கதைகள். எல்லா வார இதழையும் யாரால் வாங்க முடியும்? ஆளுக்கு ஒன்றை வாங்கி, விஞ்ஞானத் தொடரைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு போட்டுப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டும். முழுசாக ஒன்று கொடுத்தால் நீங்கள் மெம்பர். பெட்டியில் இருக்கும் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கப்பல் கதை வந்த இதழை அங்கே வேறு யாரும் வாங்கவில்லை. அது என் கையில்தான் இருந்தது. எனக்கு எவ்வளவு கர்வம் இருந்திருக்கும்!

கதை முடிந்தது. சில வாரம் கழித்து, பைண்டுக்குக் கொடுக்கப் பக்கங்களை அடுக்கினேன். 'முற்றும்' — இந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுத்துக் கூட்டாமலே படிப்பேன். அதைக் காணோம்.

டீச்சரிடம் ஓடினேன். விஷயம் இதுதான். என் கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்பக்கத்தில், அவருடைய கதையின் அந்த வார அத்தியாயம் ஆரம்பிக்கிறது. ஒரே தாள். வழக்கம்போல முதலில் கிழித்தவர் அவர். பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. அவர் கதையும் அடுத்த வாரம் முடிந்து, பைண்டரிடம் போய், தையல் போட்டு, அட்டை ஒட்டி வந்தாயிற்று.

"அந்த ஒரு தாளைக் குடு டீச்சர்."

"குடுத்தா என் மருமகள் வீட்டை விட்டுக் கிளம்புற இடம் போயிடும். நான் வேணா கையால எழுதித் தரேன்."

"கையெழுத்து செல்லாது அங்க."

நிஜம்தான். முன்பு ஒருவர் தொலைந்த பக்கத்தைத் தானே எழுதிச் சேர்த்து, செத்துப்போன விஞ்ஞானியைப் பிழைக்க வைத்துவிட்டார். அன்றிலிருந்து அச்சு மட்டும்தான். ஸ்டேஷன் கடையில் கேட்டேன், பல்லாவரம் வரைக்கும் போய்க் கேட்டேன். அந்த வார இதழ் எங்கேயும் இல்லை.

சண்டை போட்டிருக்கலாம். போட்டால் தாள் கிடைக்கும்... சனிக்கிழமை மதியம் யார் படிப்பார்கள்? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வாரமும் மீனை ஆய்ந்து கொடுத்தேன். கடைசியில் டீச்சர் எழுந்து சொன்னார்: "என் புக்கை யார் கையிலயும் குடுக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை நானே எடுத்துட்டு வரேன்."

அந்த ஞாயிறு பெரிய கூட்டம். அப்போதைய செயலாளர் ராகவன் சார், யார் எதைக் கொடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார். என்னுடையதையும் புரட்டினார்.

"முடிவு இல்லையேம்மா. இதைப் பெட்டியில சேர்க்க முடியாது."

"முடிவு இருக்கு சார். அந்தம்மா கையில கீது."

டீச்சர் முன்னால் போனார். மார்போடு அணைத்திருந்த மாமியார் புத்தகத்தைக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் திறந்தார். ஹாலில் ஒரு சிரிப்பு கிளம்பியது. கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு அடங்கியது. வகுப்பில் படிக்கிற குரலில் படித்தார். கப்பல் திரும்பி வருகிறது. போனவர்களில் ஒருவன் மட்டும் இறங்குகிறான். முற்றும்.

டீச்சருக்குப் பழக்க தோஷம். பக்கத்தைத் திருப்பி, படித்துக்கொண்டே போனார். நடு முற்றத்தில் மாமியார் சாவிக்கொத்தை வீசுகிறாள், மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள்... நாலு பாரா போனபிறகுதான் அவருக்கு உறைத்தது. நிறுத்தினார்.

"மன்னிக்கணும். இது என் கதை. ராக்கெட் கிடையாது."

பின் பெஞ்சிலிருந்து ஒரு முடிச்சூர்க்காரர்: "இருக்கட்டும் டீச்சர். அந்தப் பொண்ணு எங்க போச்சு?"

"சும்மா இருய்யா" என்றார் பக்கத்திலிருந்தவர். "முதல்லேருந்து படிக்கட்டும்."

ராகவன் சார் தலையைச் சொறிந்தார். ஒரு புத்தகத்துக்கு முடிவு இன்னொரு புத்தகத்தில். விதியில் இதற்கு இடமில்லை. ஆனால் ஹாலில் இருந்த முகங்களையும் பார்த்தார். கடைசியில் சணல் கயிறு கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் சேர்த்துக் கட்டினார். யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்ற டீச்சரே முடிச்சில் விரல் வைத்துக் கொடுத்தார்.

"இது ரெண்டும் ஒரே புக். பிரிக்கக் கூடாது."

ஒரே கட்டுக்கு இரண்டு மெம்பர். அதற்கப்புறம் டீச்சரும் நானும் ஒரு கூட்டம் தவறவிட்டதில்லை. அவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டது. பெட்டி மட்டும், முடிச்சூரில் ஒருவர் வீட்டுப் பரணில் இருந்ததால் 2015 வெள்ளத்துக்குத் தப்பியது.

இதையெல்லாம் கேட்ட குமார் "சரிக்கா, தொட மாட்டேன்" என்றார். சரி என்றவர் மறுநாள் காலையிலேயே மறுபடியும் போன்.

"அக்கா... அந்த மருமகள் கடைசியில திரும்பி வராளா?"

"கயித்தை அவுத்துட்டே, இல்லே?" என்றேன். "படிச்சிட்டு, இறுக்கிக் கட்டி வை."