ஜன்னல் சீட்டுக்கு ஒரு டோமினோ

ஐம்பத்திரண்டு வயதில் நான், விடியற்காலை ஐந்து மணிக்கு மனைவியின் போனைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் தாழ் போட்டுக்கொள்கிற ஆளாக இருந்தேன். கற்பனையை வீணாக்க வேண்டாம். உள்ளே நான் டோமினோ புதிர் போட்டேன். அதே புதிரை மூன்று மணி நேரம் கழித்து, திண்டிவனம் ரயில் நிலையத்தில், அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போல என் போனில் நாற்பது வினாடியில் முடிப்பேன். குளியலறையில் எவ்வளவு நேரம் ஆனது என்பது எனக்கும் பக்கெட்டுக்கும் மட்டும் தெரியும்.

விழுப்புரத்துக்குத் தினமும் பாசஞ்சர் ரயிலில் போகிற மூன்று பேர் நாங்கள். நான் ஓர் அலுவலகத்தின் பதிவறையில் பழைய கோப்புகளுக்குத் துணையாக இருப்பவன். இன்னொருவர் வங்கிக் காசாளர். மூன்றாமவர் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தும் டீச்சர். புதிரைக் கொண்டுவந்தது டீச்சர்தான். போனில் தினமும் நள்ளிரவில் எல்லாருக்கும் ஒரே புதிர் வரும். ரயிலுக்குக் காத்திருக்கும்போது மூவரும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். முதலில் முடிப்பவருக்கு அன்றைக்கு ஜன்னல் சீட்டு. மற்ற இருவரும் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து, ஜன்னலோரத்தை ஜெயித்தவருக்கு விட்டுவிட வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

ஆட்டம் எளிது என்று ஆடாதவர்கள் சொல்வார்கள். டோமினோச் சில்லு என்பது நடுவில் கோடு போட்ட நீள்சதுரம். இரண்டு பாதியிலும் புள்ளிகள் இருக்கும், ஒன்றுமில்லாததிலிருந்து ஆறு வரை. தினமும் நாலைந்து சில்லுகளையும், கட்டம் கட்டமாக ஒரு பலகையையும் தருவார்கள். கட்டங்களைக் கலர் கலராகப் பிரித்து, ஒவ்வொரு கலருக்கும் ஒரு நிபந்தனை வைத்திருப்பார்கள். எண் போட்டிருந்தால் அந்தக் கலரில் விழும் புள்ளிகளின் கூட்டுத்தொகை அதுவாக இருக்க வேண்டும். சமக்குறி போட்டிருந்தால் எல்லாக் கட்டத்திலும் ஒரே எண். சிறியது, பெரியது என்ற குறிகளும் உண்டு. ஒரு சில்லின் ஒரு பாதி ஒரு கலரிலும் மறுபாதி பக்கத்துக் கலரிலும் விழலாம். எல்லாச் சில்லும் தீர வேண்டும், எல்லா நிபந்தனையும் நிறைவேற வேண்டும். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று படிகள் உண்டு. நாங்கள் ஆடியது எளிது. நான் புகழ்பெற்றதும் அதில்தான்.

முதல் வாரம் கடைசியாக வந்தேன். இரண்டாம் வாரத்திலிருந்து குளியலறை. காலையில் பிளாட்பாரத்தில் எனக்கிருந்த ஒரே கஷ்டம் நடிப்பதுதான். கன்னத்தைச் சொறிவேன், "அடடே" என்பேன், வேண்டுமென்றே ஒரு சில்லைத் தப்பாக வைத்து எடுப்பேன். பிறகு போனை நீட்டுவேன்.

"இன்னா மூளை சார் இது!" என்பார் காசாளர். "நான் இன்னும் மொத சில்லையே கையில எடுக்கல."

"போங்க சார், ஜன்னல் உங்களுது," என்பார் டீச்சர். சிறு குழந்தைக்கு மிட்டாய் தருகிற முகத்தோடுதான் சொல்வார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்து வாரம் இப்படிப் போனது. ஏழாவது வாரம் என் மனைவி, தங்கை வீட்டுக் காதுகுத்துக்கு முதல் நாளே காணை கிராமத்துக்குப் புறப்பட்டாள்.

"போனை வெச்சிட்டுப் போயேன்," என்றேன்.

"ஏன்?"

"சார்ஜ் கம்மியா இருக்குமே."

"எண்பத்தாறு இருக்குது. ஏங்க, தெரியாமத்தான் கேக்குறேன், எம்மேல எதனா சந்தேகமா? தெனமும் காலைல பார்த்தா என் போனு ஈரமா இருக்குது."

உண்மையைச் சொல்வதா, சந்தேகப் புருஷன் என்ற பெயரை வாங்குவதா என்று யோசித்தேன். சந்தேகம் கௌரவமாகப் பட்டது. அவள் போனைக் கைப்பைக்குள் போட்டு, கைப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். என் போனிலேயே முன்கூட்டிப் போட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். திறந்தவுடன் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். அதை ஏமாற்ற வழி தெரிந்தவன் புதிரையே போட்டிருப்பான்.

மறுநாள் பிளாட்பாரத்தில் மூவரும் திறந்தோம். நாலு–நாலு, நாலு–பூஜ்யம், ஆறு–மூன்று, ஆறு–ஐந்து, ஒன்று–இரண்டு. மொத்தம் ஐந்து சில்லு. பலகையில் ஐந்து கலர். சமக்குறி போட்ட மூன்று கட்டம். கூட்டுத்தொகை பன்னிரண்டு, எட்டு, மூன்று என்று ஆளுக்கு இரண்டு கட்டம். ஓரத்தில் தனிக்கட்டம் ஒன்று, அதில் இரண்டுக்குக் குறைவான எண் வர வேண்டும்.

எட்டைப் பார்த்ததும் நாலு–நாலைத் தூக்கி அதில் வைத்தேன். நாலும் நாலும் எட்டு. யாரைக் கேட்க வேண்டும்? அதோடு மூளை நின்றுவிட்டது. பாக்கிச் சில்லுகளை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஏதாவது ஒரு கலர் முறைத்தது.

நிமிர்ந்து பார்த்தேன். காசாளர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் போனை மடியில் கவிழ்த்து வைத்திருந்தார். அவர்களும் திணறுகிறார்கள் என்று ஆறுதலாக இருந்தது.

"ஆச்சா சார்?" என்றார் டீச்சர்.

"ஆகிக்கினே இருக்குது."

"நிதானமா போடுங்க. அவசரமே இல்ல."

இப்படி ஒரு பெருந்தன்மையான எதிராளியை நான் பார்த்ததில்லை. ரயில் வந்துவிட்டது. யாரும் ஜெயிக்கவில்லை, ஆகவே யாரும் ஜன்னலோரம் உட்காரவில்லை. காசாளரின் கைக்குட்டை மட்டும் அங்கே வீற்றிருந்தது. மயிலத்தில் பூக்கூடையோடு ஏறிய அம்மா ஒருவர், "இங்க ஆள் வராங்களா?" என்று கேட்டார்.

"போட்டி நடக்குதும்மா," என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தாராளமா உக்காருங்கம்மா," என்று டீச்சரும் காசாளரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த அம்மா சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டார். போட்டியின் கண்ணியம் அவருக்குக்கூடப் புரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பேரணி தாண்டியதும் வேறு வழியில்லாமல் யோசிக்க ஆரம்பித்தேன். எட்டுக்குப் பல வழி உண்டு. பல வழி இருக்கிற இடத்தில் முதலில் கை வைத்தவன் மடையன். ஒரே வழி இருக்கிற இடம் எது? சமக்குறி போட்ட மூன்று கட்டம். அதற்கு ஒரே எண் மூன்று தரம் வேண்டும். சில்லுகளை எண்ணினேன். மூன்று தரம் வருவது நாலு மட்டும்தான். அப்படியானால் நாலு–நாலு அங்கேதான் போக வேண்டும். நாலு–பூஜ்யத்தின் நாலும் அங்கேதான். பூஜ்யம் வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துத் தனிக்கட்டத்தில் விழுந்தது. இரண்டுக்குக் குறைவு! பொருந்திவிட்டது.

உடம்பெல்லாம் சிலிர்த்தது. பன்னிரண்டுக்கு இரண்டு ஆறு வேண்டும். ஆறு–ஆறு என்று சில்லே இல்லை. ஆக, இரண்டு சில்லும் ஆளுக்கு ஓர் ஆறைப் பன்னிரண்டில் வைத்துவிட்டு மறுபாதியைக் கால்போல அடுத்த கலருக்குள் நீட்ட வேண்டும். நீட்டிய கால்கள் மூன்றும் ஐந்தும். எட்டு! நான் நாலு–நாலை அடைத்து வைத்திருந்த அதே எட்டு. மிச்சம் ஒன்று–இரண்டு. மிச்சக் கலர் மூன்று. விக்கிரவாண்டி வந்தபோது திரை முழுக்கப் பச்சையானது. நேரம், இருபத்தேழு நிமிடம்.

"முடிச்சிட்டேன்!" என்று கத்தினேன். கதவோரப் பூக்கார அம்மா திரும்பிப் பார்த்தார். நான் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஐந்து வாரத்தில் முதன்முறையாகச் சொந்தச் சம்பாத்தியத்தில்.

அந்த மிதப்பில்தான் வாய் தவறியது. விழுப்புரத்தில் இறங்கி மேம்பாலப் படி ஏறும்போது எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறை, ஈரப் போன், பிளாட்பாரத்தில் சொன்ன "அடடே" உட்பட. ஐந்து வாரமாக அவர்களுக்கு உரிய ஜன்னலை நான் திருடிக்கொண்டிருந்தேன் என்றும், இனி அடுத்த ஐந்து வாரம் போட்டியில்லாமல் அவர்களே உட்கார வேண்டும் என்றும் தழுதழுத்தேன். இன்றைக்கு ஜெயித்தது மட்டும் நிஜம் என்றேன்.

காசாளர் படியிலேயே நின்றுவிட்டார். முகத்தில் உண்மையான பயம்.

"அய்யய்யோ, அப்படி எதுவும் பேஜாரு பண்ணிடாதீங்க சார்," என்றார்.

டீச்சர் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தெனமும் நாங்க ரெண்டு பேரும் மொத அரை நிமிஷத்துலயே கடைசிச் சில்லைத் தவிர எல்லாத்தையும் வெச்சிட்டு, அதை மட்டும் கையில புடிச்சிக்கினு நீங்க முடிக்கட்டும்னு உக்காந்திருப்போம் சார். அந்த ஜன்னல்ல விழுப்புரம் வர்ற வரைக்கும் மூஞ்சிலயே வெயில் அடிக்கும்."